சிமெண்ட் தரையில் சாணம்

மகள் தவழத் தொடங்கிய பிறகுதான் எங்கள் வீட்டுத் தரையை நான் ஒழுங்காகப் பார்த்தேன். அதுவரை அதன் மேல் நடந்திருக்கிறேன், உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், பாய் விரித்துத் தூங்கியிருக்கிறேன். பார்த்ததில்லை.

அது மண்தரை. வெள்ளிக்கிழமைதோறும் சாணியைக் கரைத்துக் கையால் வழித்துவிடுவார்கள். காய்ந்ததும் கை போன வளைவுகள் தெரியும். அதை அழகு என்று சொல்கிறவர்கள் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள். சுவரோரம் எலி வளை. தானியக் குதிர் வைத்த மூலையில் எப்போதும் ஈரம். குழந்தை மூத்திரம் பெய்தால் துடைக்க வேண்டியதில்லை, தரை குடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் குடித்ததையெல்லாம் நாற்றமாகத் திருப்பிக் கொடுக்கும். சிந்திய கம்மங்கூழ் மண்ணோடு காய்ந்து, அதன்மேல் அடுத்த வெள்ளிக்கிழமைச் சாணி ஏறி, அதன்மேல் மறுபடி கூழ் விழுந்து, தரை முழுக்கப் பொருக்குத் தட்டிக் கிடந்தது.

அந்தப் பொருக்கைத்தான் மகள் நகத்தால் சுரண்டித் தின்றாள். வாயைத் திறந்து பார்த்தால் நாக்கில் கறுப்புச் சேறு. கை கால்கள் குச்சியாக இருந்தன, வயிறு மட்டும் முன்னே தள்ளி நின்றது. ஒரு நாள் காலையில் அவள் வெளிக்கிருந்ததில் நீளமாக ஒரு வெள்ளைப் புழு நெளிந்தது. என் மனைவி அதை ஈர்க்குச்சியால் தள்ளி எனக்குக் காட்டினாள். அன்றைக்கே மகளைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டோம்.

கோயமுத்தூரில் டாக்டர் மருந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, "உள்ளே இருக்கிறதை மருந்து வெளியே தள்ளும். அடுத்ததைத் தரை கொடுக்குமே, அதுக்கு என்ன பண்றது? தரையை மாத்துங்க. இன்னும் இளைச்சா இந்தக் குழந்தை தாங்காது" என்றார்.

எங்கள் ஊரான அன்னூருக்குத் திரும்பும் வழியெல்லாம் மனைவி மகளின் விரல்களைத் தன் கைக்குள் மூடியே வைத்திருந்தாள்.

வீட்டுக்குப் பெரியவர் அண்ணன். அவருக்கும் அண்ணிக்கும் குழந்தை இல்லை. என் மகளை மடியிலிருந்து இறக்கவே அண்ணிக்கு மனசு வராது. ஆகவே தரையை மாற்றுவதில் ஒருவருக்கும் மறுப்பில்லை. எந்தத் தரை என்பதில்தான் இழுபறி.

அண்ணனுக்குப் பூப்போட்ட கல் வேண்டும். பெரியநாயக்கன்பாளையத்தில் தெரிந்த ஒருவர் வீட்டில் அதைப் பார்த்து மயங்கியிருந்தார். நானும் மனைவியும் போய்ப் பார்த்தோம். முன்கூடத்தில் பூக்கள் பளபளத்தன. சாப்பிடும் இடத்தில் அதே பூக்கள் மஞ்சளும் புளித்தண்ணீரும் குடித்து, ஆறாத புண்ணின் நிறத்தில் இருந்தன. வீட்டுக்காரர் அதன்மேல் ஒரு பாயை இழுத்துப் போட்டுவிட்டு, "தேய்ச்சாப் போயிருமுங்க" என்றார். தேய்த்த தடமும் அதில் இருந்தது.

அவிநாசியில் ஒரு மண்டிக்காரர் கடப்பைக் கல் போட்டிருந்தார். கல் நல்ல கல். மனைவி கொண்டை ஊசியை உருவி, இரண்டு கல்லுக்கு நடுவே இருந்த இடுக்கில் விட்டு இழுத்தாள். கருஞ்சாந்தாக ஒரு திரி எழுந்து வந்தது. அதில் ஒரு சோற்றுப் பருக்கையும் செத்த எறும்புகளும் இருந்தன. மண்டிக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

வெளியே வந்ததும், "ஏனுங்க, இடுக்கே இல்லாத தரை வேணுங்க" என்றாள் மனைவி.

மதுக்கரையில் ஆலை வந்த பிறகு சிமெண்ட் சுலபமாகக் கிடைத்தது. எனவே சிமெண்ட். காவித்தூள் கலந்து ஒரே விரிப்பாகப் பூசி, வழவழவென்று தேய்த்த தரை. தரையும் சுவரும் சேரும் மூலைகளை உருட்டிப் பூசச் சொன்னது மனைவி, விளக்குமாற்றுக்குத் தப்பி அங்கே எதுவும் தங்கக்கூடாது என்பதற்காக. தண்ணீர் கட்டி வைத்து அது இறுகும் வரையில் நாங்கள் மாட்டுக்கொட்டகைப் பக்கம் படுத்தோம். இறுகியதும் மனைவி கூழைக் கொட்டி, காயவிட்டு, ஈரத்துணியால் ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். தடமில்லை.

பார்க்க வந்தவர்கள் திகைத்துப் போனார்கள். "வழுக்கி உழுந்தா இடுப்பு போயிருமுங்க" என்றார் பக்கத்துத் தோட்டக்காரர். அவர் சம்சாரம், "செத்தவங்களைக் கெடத்தற மேடையாட்ட இருக்குது, ஊடாட்டவா இருக்குது?" என்றாள். இதை அண்ணி கேட்டுக்கொண்டிருந்தாள்.

மகளுக்குக் காதுகுத்து வைத்தோம். முதல் நாள் அண்ணி ஒரு கூடை பச்சைச் சாணியோடு வந்தாள்.

"அக்கா, சிமெண்ட்டுல சாணி ஒட்டாதுங்க" என்றாள் மனைவி.

"கெட்டியாக் கரைச்சா ஒட்டும் அம்மணி. சாணி படாத தரையில எலை போட்டா நாலு சனம் என்ன பேசும்? நல்ல காரியம் நடக்கற ஊடு."

அண்ணி கெட்டியாகவே கரைத்து வழித்துவிட்டாள்.

மண்தரையானால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சிமெண்ட் உறிஞ்சவில்லை. காலையில் மேலே ஒரு ஏடு காய்ந்திருந்தது, அடியில் பச்சைக் குழம்பு அப்படியே நின்றது. கூடம் முழுக்க ஈ. பந்தியில் உட்கார்ந்தவர்கள் எடை பட்டதும் ஏடு உடைந்தது. இலைகள் வழுக்கி நகர்ந்தன. ஒருவர் இலையை இழுத்துப் பிடித்துக்கொண்டே ரசம் குடித்தார். இலை தாண்டி வழிந்த ரசம் சாணியில் ஓடி அடுத்தவர் இலைக்கடியில் போய்ச் சேர்ந்தது. தாய்மாமன் மகளை மடியில் வைத்தபடி ஒரு முழம் சறுக்கினார். எழுந்தபோது எல்லா வேட்டிகளும் பின்பக்கம் பச்சையாக இருந்தன.

ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. "சாப்பாடு பிரமாதமுங்க" என்று சொல்லி, கை கழுவி, வெற்றிலை போட்டுக்கொண்டு போனார்கள். சாணியைவிட எனக்கு அந்த மரியாதைதான் அதிகமாகக் குமட்டியது.

நல்ல காரியம் நடந்த தரையை உடனே கழுவக்கூடாது என்று அண்ணி தடுத்துவிட்டதால் சாணி அப்படியே கிடந்து, மூன்றாம் நாள் காய்ந்தது. காய்ந்து, அப்பளத் துண்டுகள் போல ஓரம் சுருண்டு, தரையை விட்டுத் தானாகவே எழும்பியது. மண்தரையில் மகள் நகம் தேயச் சுரண்ட வேண்டியிருந்தது. இங்கே கைக்கு எட்டும் இடமெல்லாம் பரிமாறி வைத்திருந்தது.

அடுப்பங்கரையிலிருந்து வந்த அண்ணிதான் முதலில் பார்த்தாள். மகளின் இரண்டு கையிலும் சாணிப் பொருக்கு, வாய் மென்றுகொண்டிருந்தது. "துப்பு கண்ணு, துப்பு" என்று விரலை விட்டுத் தோண்டி எடுத்தாள். விரல் நுனியில் பச்சை எச்சில் நூலாக வந்தது. அதில் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு புழு, உயிரோடு. அண்ணி அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு குழந்தையை என் மனைவியின் கையில் திணித்துவிட்டு வாசலுக்கு ஓடிக் குடம் குடமாக வாந்தி எடுத்தாள்.

பொருக்கைப் பெயர்த்துப் பார்த்தோம். அடியில் இன்னும் ஈரம் இருந்த இடமெல்லாம் அவை நெளிந்தன. பெண்கள் இருவரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார்கள். நான் தண்ணீர் சேந்தி ஊற்றினேன். பச்சைத் தண்ணீர் போய், கலங்கல் போய், தெளிவாக வரும் வரையில் விடவில்லை.

கடைசியில் அண்ணி சொன்னாள். "மண்ணுல போட்டா அது நல்ல சாணிதான் அம்மணி. இந்தச் சிமெண்ட்டுதான் அதைக் கெடுத்துப்போடுச்சு."

"ஆமாங்க அக்கா" என்றாள் மனைவி, நாரைப் பிழிந்தபடி.

அடுத்த வெள்ளிக்கிழமை சாணி வாசலோடு நின்றது. மகள் கொஞ்ச காலம் சிவப்புத் தரையைச் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் வரவில்லை. டாக்டரிடம் அடுத்த முறை தூக்கிப்போனபோது அவளுடைய வயிறு இறங்கியிருந்தது. அண்ணி மட்டும், அவளை மடியிலிருந்து இறக்கும்போதெல்லாம், முதலில் உள்ளங்கையால் தரையைத் தடவி அதை மோந்து பார்ப்பாள்.