வெறுங்காலும் நாலு மில்லி சல்லடையும்

1. சமூகப் பொறுப்பு வந்து இறங்கிய நாள்

உரக்கிடங்கு சூப்பர்வைசராகப் பத்தொன்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். தஞ்சாவூர் பக்கத்து ஊர் ஒன்றின் குப்பையை எங்கள் கம்பெனி எடுத்து நடத்தியது. மக்குவதைப் பிரித்து, குவித்து, புரட்டி, மக்கியதும் சலித்து உரமாக்குவது என் கிடங்கின் வேலை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நாற்றம் ஒரு மாதத்தில் பழகிவிடும், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நான் போட்ட ஒரு கையெழுத்தைப் பற்றி எழுதுகிறேன்.

தலைமை அலுவலகத்திலிருந்து பிரவீன் சார் வந்து இறங்கியதில் அது தொடங்கியது. அவர் சமூகப் பொறுப்பு மேனேஜர். அவர் வரும் வரை எங்கள் சுற்றுச்சூழல் பணி என்பது, கிடங்கு வாசலில் வருடத்துக்கு ஒரு மரக்கன்று நடுவது. அதற்கு முந்தின மூன்று வருடமும் ஒரே குழி. கன்று செத்துப்போனாலும் குழி இருக்கிறதே, தோண்டுகிற வேலை மிச்சம்.

பிரவீன் சார் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களிடம் லேப்டாப் இருந்தால் நாம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். முப்பது ஸ்லைடு போட்டுக் காட்டினார். ஊர்க் குப்பை உரமாகி வயலுக்குப் போகும், விவசாயி சிரிப்பார், நடவுப் பெண்கள் சிரிப்பார்கள், கம்பெனியும் சிரிக்கும். ஒரு ஸ்லைடில் ‘மக்கள் பங்கேற்பு’ என்று எழுதியிருந்தது. அதில் மக்கள் பேனருக்குப் பின்னால் நின்றார்கள்.

திட்டத்துக்கு ‘மண்ணுக்குத் திரும்புவோம்’ என்று பெயர் வைத்தார். டிராக்டர் ஓட்டும் சுப்பையா பேனரைப் படித்துவிட்டு, “சார், இது சுடுகாட்டு வாசல்ல எழுதறதுங்க,” என்றார். பிரவீன் சார் அதையும் மக்கள் கருத்து என்று நோட்டில் குறித்துக்கொண்டார். பெயரை மாற்றவில்லை.

2. சல்லடை

பாபநாசம் சாலையில் ஒரு கிராமம். அங்கே கலியபெருமாள் என்ற விவசாயிக்கு ரோட்டை ஒட்டி வயல். உரம் இலவசம் என்றதும் ஒப்புக்கொண்டார். ரோட்டை ஒட்டிய முதல் வயலில் உரம் போட்டுச் சேறடித்து, சம்பா நடவன்று விழா. அந்த வயலை மண்வளம் பார்த்து எடுக்கவில்லை. கேமராவுக்கு அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழுந்தது.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கையில் மழை பிடித்துக்கொண்டது. உரம் சலிக்க எங்களிடம் சுழலும் டிரம் உண்டு. அதில் நாலு மில்லி சல்லடை, அதாவது நாலு மில்லிமீட்டர் ஓட்டை உள்ளது, மாட்டியிருப்போம். ஈர உரம் அதில் அடைத்துக்கொள்ளும், ஒரு டிராக்டர் லோடு சலிக்கவே நாள் முழுக்கப் போகும். கண்ணாடிச் சில்லு, பல்பு உடைசல், ஊசி எல்லாம் அதில்தான் நிற்கும். பதினாறு மில்லி சல்லடையும் ஒன்று இருந்தது. அது முதல் சுற்றுக்கு. அதில் கல்லும் செருப்பும் நிற்கும், மற்றதெல்லாம் இறங்கிவிடும்.

“மேடம், நாலு லோடு வேணும். பெரிய சல்லடையப் போடுங்களேன்,” என்றார் பிரவீன் சார்.

“கண்ணாடி வரும் சார்.”

“எவ்வளவு வரும்?”

“வரும் சார்.”

“வயல் எவ்வளவு பெருசு. அதுல கலந்துடும் மேடம்.”

ஒவ்வொரு லோடுக்கும் ஒரு தரச்சீட்டு போகும். ‘நாலு மில்லியில் சலித்தது, கண்ணாடி இல்லை’ என்று அச்சடித்திருக்கும். கீழே சூப்பர்வைசர் கையெழுத்து. ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன் அல்லவா, கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். பெரிய சல்லடையை மாட்டச் சொன்னேன், நாலு சீட்டிலும் கையெழுத்துப் போட்டேன். அழகாகவே போட்டேன். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டியில் பரிசு வாங்கியவள்.

3. வரப்பில்

விழா நாளன்று ரோட்டோரம் ஷாமியானா, மேடை, நாற்காலி, ஆளுக்கொரு தொப்பி. எனக்குச் சேலை மேல் போட்டுக்கொள்ள ஒரு பச்சை டீ-ஷர்ட் கொடுத்தார்கள். அதன் முதுகில் இலை படம். குப்பை கம்பெனி விழாவில் பிளாஸ்டிக் இருக்கக் கூடாது என்று தண்ணீரைப் பேப்பர் கப்பில் கொடுத்தார்கள். அந்தக் கப்புகள் வாய்க்காலில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

நடவுக்குப் பன்னிரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். கோஷ்டிக்குத் தலைவி லோகாம்பாள், ஐம்பது வயது இருக்கும். நாற்றுகளைப் பறித்து முடி முடியாகக் கட்டி வரப்போரம் போட்டிருந்தார்கள். பறித்த நாற்று காத்திருக்காது, மறுநாளைக்குள் சேற்றில் இறங்கியாக வேண்டும். கலியபெருமாள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், மேடையை அவர் பார்க்கவே இல்லை.

அள்ளிக் காட்டுவதற்காக வரப்பில் கொஞ்சம் உரம் குவித்து வைத்திருந்தோம். போட்டோகிராபர் லோகாம்பாளைக் கூப்பிட்டு, “ரெண்டு கையிலயும் அள்ளுங்கம்மா. சிரிங்க,” என்றார். அவர் அள்ளினார். சிரிப்பதற்குப் பதிலாகக் கட்டைவிரலால் நெருடிப் பார்த்தார். ஒன்றை எடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்தார். டியூப் லைட் சில்லு, வெள்ளையாக, விரல் நகம் அளவு. கேமரா க்ளிக் என்றது.

“இதத்தான் உள்ள போட்டுச் சேறடிச்சிருக்கீங்களா?” என்று கேட்டார்.

அவர் இடது காலைத் தூக்கி அடிப்பாதத்தைக் காட்டினார். குறுக்கே ஒரு தழும்பு.

“ரெண்டு வருசத்துக்கு முன்னாடி பாட்டில் சில்லு ஏறுனது. அந்த நடவு முழுக்க வூட்டுல கெடந்தேன். எங்களுக்கு வருசத்துக்கு இந்த ஒரு மாசந்தாங்க வேல. நாங்க இதுல எறங்க மாட்டோம்.”

பன்னிரண்டு பேரும் வரப்பிலேயே நின்றார்கள். பிரவீன் சார் முன்னே வந்தார்.

“அம்மா, இது சர்டிஃபைடு உரம். வேணும்னா எல்லாருக்கும் கம்பூட் வாங்கித் தர்றோம்.”

அவரே கம்பூட் போட்டிருந்தார். இறங்கிக் காட்டுகிறேன் என்று இறங்கினார். இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவதில் கால் வந்தது, பூட் வரவில்லை. சுப்பையா போய்த் தூக்கிவிட வேண்டியதாயிற்று. சாக்ஸோடு வரப்பில் ஏறி நின்றவரிடம் லோகாம்பாள் மரியாதையாகத்தான் கேட்டார்.

“சர்டிபிகேட் யாரு சார் குடுத்தா?”

அவர் என்னைக் காட்டினார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

“அப்ப மேடம் எறங்கட்டும். செருப்பக் கழட்டிட்டு அந்தக் கோடி வரைக்கும் ஒரு நடை நடந்துட்டு வரட்டும். பின்னாலயே நாங்களும் எறங்குறோம்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கலியபெருமாள், “எறங்குங்கம்மா, நாத்து காயுது,” என்றார். பிரவீன் சார் மெதுவாக, “ஜஸ்ட் பத்து ஸ்டெப் மேடம்,” என்றார்.

செருப்பைக் கழற்றினேன். சேலையைத் தூக்கிச் செருகினேன். வரப்பு ஓரத்தில் போய் நின்றேன். தண்ணீர் தெளிந்து கண்ணாடி மாதிரி இருந்தது என்று வேறு நேரமாக இருந்தால் எழுதியிருப்பேன். உள்ளே எவ்வளவு கிடக்கும் என்று அங்கே இருந்தவர்களில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும். கால் எழவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை. என் காலுக்காக இவ்வளவு பயப்படுகிறவள், இருபத்து நாலு காலுக்குச் சேர்த்து எப்படிக் கையெழுத்துப் போட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

லோகாம்பாள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். “போதும் மேடம். செருப்பப் போட்டுக்கங்க,” என்றார்.

நான் போட்டுக்கொள்ளவில்லை. “பெரிய சல்லடையில சலிச்சது. உள்ள கண்ணாடி கெடக்கு. தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன். யாரும் எறங்காதீங்க,” என்று சொன்னேன். விழாவுக்காக வரப்போரம் வைத்திருந்த மைக் ஆனில் இருந்தது. பஸ் ஸ்டாப் வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

4. ஒரு வாளி

நல்லவேளையாகக் கலியபெருமாளின் மற்ற வயல்களில் உரம் போடவில்லை. அங்கே வெளிச்சம் போதாதே. பெண்கள் அந்தப் பக்கம் போய்ச் சாயங்காலத்துக்குள் நட்டு முடித்தார்கள். முதல் வயல் அந்தச் சம்பாவுக்குச் சும்மா கிடந்தது. கலியபெருமாள் என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கோடையில் மண் காய்ந்ததும் கிடங்கில் பிரிக்கும் வேலை செய்யும் எட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போனேன். மண்ணைக் கொத்திக் கிளறி, சலித்து, கையால் பொறுக்கினோம். ஒன்பது நாள். ஒரு வாளி நிறையக் கண்ணாடி, கூடவே மூன்று ஊசி. வயல் பெரியது, கலந்துவிடும் என்றது உண்மைதான். நன்றாகவே கலந்திருந்தது.

அதற்குள் கம்பெனியின் ஆண்டறிக்கை வந்துவிட்டது. வழுவழுப்பான அட்டை. உள்ளே முழுப் பக்கத்துக்கு லோகாம்பாள், வெயிலில் சில்லைத் தூக்கிப் பிடித்தபடி. அச்சில் அது பளிச்சென்று விதை மாதிரி தெரிந்தது. ‘இயற்கை உரத்தை ஆர்வத்துடன் ஆராயும் பெண் விவசாயி’ என்று கீழே போட்டிருந்தார்கள். ஆராய்ந்தது என்னவோ வாஸ்தவம். பிரவீன் சாருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. எனக்கு ஒரு மெமோ வந்தது, விழாவில் அனுமதியின்றி மைக்கில் பேசியதற்காக.

5. நடுவுல

அதன் பிறகு என் கிடங்கில் ஒரு வழக்கம் வைத்தேன். லோடு ஏற்றும் முன் உரத்தை சிமென்ட் தளத்தில் பரப்புவோம். தரச்சீட்டில் கையெழுத்துப் போடுகிறவர் அதன் மேல் வெறுங்காலோடு நடக்க வேண்டும். நடந்த பிறகுதான் பேனா. முதல் மாதம் எனக்கு இரண்டு தடவை குத்தியது. இரண்டு லோடும் திரும்ப டிரம்முக்குப் போயின. பதினாறு மில்லி சல்லடையை முதல் சுற்றைத் தவிர வேறெதற்கும் யாரும் தொடவில்லை. இப்படி நடப்பதற்கு விதிமுறைப் புத்தகத்தில் இடம் கிடையாது. பிள்ளைகளே, உங்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: கையெழுத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்றுங்கள்.

அடுத்த புரட்டாசியில் கலியபெருமாள் மறுபடி உரம் கேட்டு ஆள் அனுப்பினார். நேரில் பார்க்காமல் கோஷ்டி இறங்காது என்று லோகாம்பாள் சொல்லிவிட்டாராம். லோகாம்பாளே பஸ் பிடித்துக் கிடங்குக்கு வந்துவிட்டார். வணக்கம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார்.

உரம் பரப்பியிருந்தது. நான் நடந்தேன், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. திரும்பி அவரைப் பார்த்தேன்.

“ஓரமாவே போறீங்களே மேடம்,” என்றார். “நடுவுல நடங்க.”

நடுவில் நடந்தேன். திரும்பி வரும்போது அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உரத்தில் இறங்கியிருந்தார். குதிகாலை அழுத்தி அழுத்தி, நான் நடக்காத இடமாகப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.