பத்துப் பேருக்கான மேசை

இப்போது என் அலுவலகத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் உணவக வவுச்சர்தான். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, ஒருவர் கைப்பேசியில் நாலு தட்டு தட்டினால் மாப்பிள்ளையின் கைப்பேசியில் போய் விழுந்துவிடும். இரண்டு பேர், இரண்டு தட்டு, நடுவில் ஒரு மெழுகுவத்தி. நல்ல வசதி, நானும் என் பங்கைப் போட்டுவிடுகிறேன். எத்தனை பேருக்கு வாங்குவது என்ற பேச்சு வரும்போது மட்டும் வாயைத் திறப்பதில்லை. எங்கள் வீட்டில் ஒருமுறை அந்தக் கேள்விக்கு அம்மா பதில் சொல்லியிருக்கிறார்.

நான் அப்போது ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் வேலை செய்த ரப்பர் தோட்டத்தைக் கம்பெனி விற்ற பிறகு, பெரியப்பா மலாக்காவில் ஜாசின் பக்கம் ஒரு தாமானில், புதுக் குடியிருப்பில், வீடு வாங்கியிருந்தார். அப்பா, அம்மா, நான், தம்பி நாலு பேரும் அவரோடுதான் இருந்தோம். பெரியம்மா இறந்துவிட்டதால் அவருக்கும் அம்மாவின் சமையல்தான். கோவில் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். வீட்டிலும் அதே பதவிதான், தேர்தல் கிடையாது. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்த வேண்டிய அவசியத்தை யாரும் அவருக்குக் கொடுத்ததில்லை.

அம்மா வேலை செய்த எலக்ட்ரானிக் தொழிற்சாலைக்கு விடிகாலையில் ஒரு பஸ் வரும். அதை ஓட்டியவர் அப்பாவின் சிநேகிதர். எங்களுக்குப் பஸ் மாமா. அந்தப் பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து போகிறவர் அம்மாவின் சிநேகிதி, எங்களுக்குச் சின்னம்மா. மாமா கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று வெகுநாள் எல்லாரும் நம்பினார்கள். கல்யாணம் என்று ஆனதும், மாமாவைச் சித்தப்பா என்பதா சின்னம்மாவை அத்தை என்பதா என்று எனக்குக் குழப்பம். கடைசியில் இரண்டையும் பழையபடியே விட்டுவிட்டேன்.

மற்றவர்களுடைய குழப்பம் அவ்வளவு லேசில் தீரவில்லை. சின்னம்மா கிறிஸ்துவர். பஸ் மாமாவின் அப்பாவோ கோவில் பொருளாளர், பெரியப்பாவுக்குத் தோட்டத்துக் காலத்திலிருந்து தோழர். சின்னம்மா சர்ச்சை விடமாட்டேன் என்றார்; மாமா ஞானஸ்நானம் எடுக்கமாட்டேன் என்றார்; ஒருவர் சொன்னதில் மற்றவருக்கு எந்த வருத்தமும் இல்லை. வருத்தமெல்லாம் இரண்டு குடும்பங்களுக்கும்தான். பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, சாயங்காலம் மண்டபத்தில் விருந்து என்று முடிவானதும், வரமாட்டோம் என்பதில் இரண்டு குடும்பமும் ஒற்றுமையாக இருந்தன.

எங்கள் பக்கத்தில் மண்டபத்துக்குப் போவது பெரிய விஷயமில்லை. போனால் சாப்பிட்டுவிட்டு வரலாம், யாரும் குறித்து வைத்துக்கொள்ளமாட்டார்கள். அதற்குப் பிறகு ஜோடியை வீட்டுக்கு அழைத்து விருந்து வைக்கிறோமே, அதில்தான் எல்லாம் இருக்கிறது. யார் வீட்டு விருந்தில் உட்கார்ந்தார்களோ அந்த வீடு அவர்களை ஏற்றுக்கொண்டது என்று பொருள். அதனால்தான் பெரியப்பா, பஸ் மாமாவின் கல்யாணப் பேச்சு வந்ததுமே, தினசரியை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்:

“கல்யாணத்துக்குப் போய்ட்டு வாங்க, நான் வேணாங்கல. வீட்டுல விருந்து மட்டும் வேணாம். அவங்க அப்பா மூஞ்சியில நான் முழிக்கணும்லா.”

அப்பா தலையாட்டினார். அம்மா குழம்புச் சட்டியைத் தேய்க்கப் போனார். அன்று தேய்த்த தேய்ப்பில் அந்தச் சட்டியின் ஆயுசு பாதியாகக் குறைந்திருக்கும்.

வவுச்சர் யோசனை அம்மாவுக்கு எங்கிருந்து வந்தது என்றால், தொழிற்சாலையின் ஆண்டு விருந்தில் ஒரு சூப்பர்வைசருக்கு அதிர்ஷ்டக் குலுக்கலில் ஹோட்டல் சாப்பாட்டு வவுச்சர் விழுந்திருந்தது. வீட்டில்தானே விருந்து கூடாது? வெளியே வைத்தால் பெரியப்பாவின் பேச்சையும் மீறவில்லை, சிநேகிதியையும் விட்டுக்கொடுக்கவில்லை. அம்மாவுக்குத் தன் சாமர்த்தியத்தில் பெருமை. நானும் இதைவிட நல்ல அன்பளிப்பு உலகத்தில் இல்லை என்று நினைத்தேன். அது வரை நாங்கள் கொடுத்ததெல்லாம் சுவர்க் கடிகாரம்.

ஒரு சனிக்கிழமை நாலு பேரும் எங்கள் சின்னக் காஞ்சில் காரில் ஏறிக் கிளம்பினோம். முதலில் கடலோரத்து உம்பாய். சுட்ட மீன் என்றால் அப்பாவுக்கு அங்கேதான். கடை நடத்திய மலாய்க்கார மாச்சிக்கிடம் வவுச்சர் கிடைக்குமா என்று அப்பா மலாயில் கேட்டார். அந்த அம்மா சிரித்தார். நாளைக்குக் கடலில் என்ன மீன் வரும் என்று எனக்கே தெரியாது, இதில் அடுத்த மாதம் சாப்பிட இன்றைக்கே சீட்டுக் கொடுப்பதா என்றார். பேச்சில் நியாயம் இருந்ததால் அங்கேயே ஒரு மீனைச் சாப்பிட்டுவிட்டு எழுந்தோம்.

அடுத்தது டவுனில் ஒரு ஹோட்டல். பளபளப்பான அட்டை, தங்க எழுத்து, எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. பஃபே என்றதும் அம்மா முகம் சுருங்கியது.

“எந்திரிச்சிப் போயி தானே எடுத்துப் போட்டுச் சாப்பிடறதா விருந்து? பிச்சைக்கு நிக்கிற மாதிரிலா இருக்கும்.”

மூன்றாவது இடம் ஒரு சீனர் கடல் உணவகம். வட்ட மேசை, நடுவில் சுழலும் கண்ணாடி, உட்கார்ந்த இடத்துக்கு ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும் சாப்பாடு. அம்மா மேசைக்கு மேசை நின்று பார்த்தார். இதுதான் விருந்து என்று அவர் சொல்லவில்லை. கைப்பையைத் திறந்ததில் தெரிந்தது. கல்லாவில் இருந்த பெண், எத்தனை பேருக்கு என்று கேட்டார். இரண்டு பேருக்கும் இருக்கிறது, நாலு பேருக்கும் இருக்கிறது, பத்துப் பேர் மேசையும் இருக்கிறது. அப்பா இரண்டு விரலைத் தூக்க ஆரம்பித்தார். அம்மா முந்திக்கொண்டு பத்து என்றார்.

விருந்துக்கு யார் இரண்டு பேராகப் போகிறார்கள்? மாப்பிள்ளையின் அக்கா வருவார், அவர் பிள்ளைகள் வரும், பெண்ணின் தம்பி வருவான், போகிற வழியில் ஒரு சித்தப்பாவும் ஏறிக்கொள்வார். இரண்டு இலை மட்டும் போட்டு வைக்கிற வீட்டை ஊர் என்ன சொல்லும்? அம்மா தன் வீட்டில் எப்படிச் சமைத்திருப்பாரோ அப்படியே வாங்கினார். அந்த மேசையில் உட்கார ஆள் வேண்டுமே என்று அவருக்கு அப்போது தோன்றவே இல்லை.

மண்டபத்தில் சின்னம்மா வவுச்சர் அட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவில்லை. சந்தோஷம் என்று நான் கணக்குப் போட்டேன்.

சில வாரம் கழித்துச் சின்னம்மாவிடமிருந்து போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குடும்பத்தோடு வரவேண்டுமாம். உங்களுக்குக் கொடுத்ததை நாங்களே வந்து சாப்பிடுவதா என்று அம்மா மறுத்தார். அந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் வந்ததோ, அம்மா சட்டென்று சரி என்றார். பெரியப்பாவுக்குச் சோற்றையும் முட்டைச் சம்பலையும் மூடி வைத்துவிட்டு, எங்கே போகிறோம் என்று மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினோம்.

மேசையில் பத்துக் கிண்ணம் வைத்திருந்தார்கள். பஸ் மாமா வாசலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தார், கையில் போன். இன்னும் ஆள் வரவேண்டுமா, சாப்பாடு கொண்டு வரலாமா என்று பரிமாறும் பையன் இரண்டு தரம் கேட்டான். கடைசியில் மாமா வந்து உட்கார்ந்து, கொண்டு வரச் சொன்னார். சின்னம்மா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: “எல்லாரையும் கூப்பிட்டோம்கா. அவங்க பக்கமும், எங்க பக்கமும். வரேன்னுகூடச் சிலபேரு சொன்னாங்க.”

அப்பா ஒரு காரியம் செய்தார். எங்களை எழுப்பி, ஆளுக்கு ஒரு பக்கமாகத் தள்ளித் தள்ளி உட்காரவைத்தார். காலி நாற்காலிகள் ஒரே பக்கமாகத் தெரியாமல் இடையிடையே கலந்துவிட்டன. எனக்கு இரண்டு பக்கமும் இடம் கிடைத்ததில் ஒரே குஷி. ஒரு நாற்காலியில் என் பையை வைத்தேன், இன்னொன்றில் காலை நீட்டினேன். நண்டு வந்தது, முழு மீன் வந்தது, வெண்ணெயில் வறுத்த இறால் ஒரு மலை வந்தது. பங்குக்கு ஆளில்லாத இறாலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அம்மா சாப்பிடவில்லை. நான் ரெண்டு பேருக்கு வாங்கியிருக்கணும் என்று தட்டைப் பார்த்துச் சொன்னார். அவருக்கு வெட்கமாக இருந்தது, தாங்கமுடியாத வெட்கம். அன்பளிப்பு என்று அவர் கொடுத்தது, அவர்களுக்கு ஆளில்லை என்பதை நட்ட நடுக்கடையில் மேசை போட்டுக் காட்டிவிட்டது. சின்னம்மா ஒரு நண்டுக் காலை உடைத்து அம்மாவின் கிண்ணத்தில் வைத்தார்.

“ரெண்டு பேருக்குன்னா நாங்க மட்டும்தான்கா வந்திருப்போம். சாப்பிடுங்கலா, ஆறிடும்.”

பத்துப் பேர் சாப்பாட்டை ஆறு பேர் முடிக்கமுடியாது, அதிலும் தம்பி அரை ஆள். மிச்சத்தைத் தாப்பாவ் பண்ணி வீட்டுக்கு எடுத்துப்போக டப்பாக்கள் வந்தன. சின்னம்மா கை படாத பக்கமாகப் பார்த்து மீனையும் இறாலையும் ஒரு டப்பாவில் அடுக்கி மூடி, அம்மாவிடம் நீட்டினார். “இது பெரியப்பாவுக்கு.” அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரு தட்டை எடுத்து எல்லாவற்றையும் பரப்பி, சாப்பாட்டு மேசையில் வைத்தார். பொண்ணு மாப்பிள்ளை கொடுத்து விட்டாங்க என்று மட்டும் சொன்னார். அப்பா காரைத் துடைக்கப் போய்விட்டார். அந்தக் காரை அவர் ஞாயிற்றுக்கிழமையில் துடைத்து நான் பார்த்ததே இல்லை. பெரியப்பா தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். முள் பார்த்துப் பார்த்து மெதுவாகச் சாப்பிட்டார். மீன் அவருக்குப் பிடித்திருந்தது. நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, தட்டில் இருந்த இறாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“யாரு யாரும்மா வந்திருந்தாங்க?” என்று என்னிடம் கேட்டார்.

“யாருமே வரல பெரியப்பா! பத்துப் பேரு சாப்பாடும் எங்களுக்குத்தான்!”

“மாமாவோட அப்பா?”

“வரல. அந்தச் சீட்லதான் என் பையை வச்சிருந்தேன்.”

பெரியப்பாவின் கை தட்டிலேயே நின்றது. கை காய்ந்துபோகும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தாலும் எங்களை எழுந்திருக்க விடாதவர், பாதி மீனை அப்படியே விட்டுவிட்டு எழுந்து அறைக்குள் போனார். அடுப்படியில் அம்மா திரும்பிப் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தார். ஆறிப்போன மீன் பெரியப்பாவுக்கு இறங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அந்த இறாலை நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன்.