மேற்கே ஓடிய தாமிரபரணி

சாலோமியை அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் தையல் டீச்சர் என்றுதான் சொல்வார்கள். மேலப்பாளையத்தில் பாளையங்கால்வாயை ஒட்டி இருந்த நடுநிலைப்பள்ளி அது. காஜா எடுக்கவும் பித்தான் வைக்கவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. மற்ற நேரங்களில், எந்த வாத்தியார் லீவு போட்டாலும் அந்த வகுப்பில் போய் உட்கார்ந்து சத்தம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேறு எதற்கும் யாரும் அவளைத் தேடியதில்லை.

பிறந்தது வள்ளியூர்ப் பக்கம் ஒரு வறண்ட ஊரில். கிணற்றில் வாளியை விட்டால் அடியில் மோதுகிற சத்தம் மேலே கேட்க நேரமாகும். தையல் பயிற்சி முடித்து, கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த ஜேசுதாசனைக் கட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்தவள், பஸ் கொக்கிரகுளம் பாலத்தில் ஏறியபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டாள்.

"இம்புட்டுத் தண்ணியும் எங்கன இருந்துங்க வருது?"

"மலையில இருந்துதான்."

"மலையில யார் ஊத்துதா?"

ஜேசுதாசன் சிரித்தான். அவள் விடவில்லை. பாபநாசத்துக்குக் கூட்டிப்போ, மணிமுத்தாறுக்குக் கூட்டிப்போ என்று நச்சரித்து, கல்யாணமான முதல் வருஷத்து விடுமுறைகளையெல்லாம் ஆற்றைப் பார்த்தே கழித்தாள். மற்ற பெண்கள் ஆர்.எம்.கே.வி. ஜவுளிக்கடைக்கும் அல்வாக் கடைக்கும் போனபோது இவள் அணைக்கட்டு மதகில் உட்கார்ந்து தண்ணீர் பிரிகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதனால் ஒரு பயன் உண்டு என்று அப்போது அவளுக்கே தெரியாது.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஜூன் மாதம் புவியியல் வாத்தியார் ஓய்வுபெற்றார். அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. தலைமை ஆசிரியர் வைத்தியலிங்கம் அவளைக் கூப்பிட்டார்.

"ஆள் வருத வரைக்கும் ஏழாங்கிளாசுக்கு ஜியாகிரபி நீங்க பாத்துக்கிடுங்க டீச்சர். பாடத்த வாசிச்சு விட்டாப் போதும்."

அவளும் வாசித்துத்தான் பார்த்தாள். பிள்ளைகள் கூடவே வாசித்தார்கள். 'தாமிரபரணி பொதிகை மலையில் உற்பத்தியாகி மன்னார் வளைகுடாவில் கலக்கிறது' என்று ஒரே ராகத்தில் சொன்னார்கள். ஒரு பிழை இல்லை.

"சரி, பொதிகை மலை எந்தப் பக்கம்?"

"மேற்கே டீச்சர்!"

"மேற்கக் காட்டுங்க பாப்போம்."

வகுப்பே இடது கையை நீட்டியது. சாலோமிக்கு என்னவோ உறுத்தியது. எல்லாரையும் எழுந்து பின்சுவரைப் பார்த்துத் திரும்பச் சொன்னாள். "இப்பக் காட்டுங்க."

மறுபடியும் இடது கை. படத்தில் மேற்கு இடது பக்கம் இருந்தது. ஆகவே இடது பக்கமெல்லாம் மேற்கு. அன்று மழை பெய்து வானம் வெளுத்திருந்ததால் ஜன்னல் வழியே மலைத்தொடர் நீலமாகத் தெரிந்தது. "அது என்ன மலை?" என்று கேட்டாள். தினமும் அந்த ஜன்னல் ஓரத்தில் உட்கார்கிற சித்தி ஜனாபா என்ற மாணவி எட்டிப் பார்த்துவிட்டு, "அது சும்மா மலை டீச்சர்" என்றாள்.

சாலோமி சிரித்தாலும் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அது மனதை அரித்தது. மறுநாள் தையல் பெட்டியிலிருந்து நீல நூல்கண்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். ஜில்லாப் படத்தில் ஆறு வளைகிற இடமெல்லாம் நூலையும் வளைத்து ஒட்டச் சொன்னாள். பிறகு அதை எடுத்து நீட்டிப் பிடித்தபோது, நேர்கோட்டை விட ஆறு எவ்வளவு நீளம் என்று பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அன்றைக்கு மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு அது புதிது. அவளுடைய வகுப்பில் மணிக்காகக் காத்திருக்காத பிள்ளைகளை அவள் அதுவரை பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் பாளையங்கோட்டையில் ஓர் அறக்கட்டளை, வகுப்பில் புதிதாக எதையாவது செய்து பார்க்க நினைக்கிற ஆசிரியர்களுக்குப் பண உதவி தருவதாக அறிவித்திருந்தது. ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் சிலர் சேர்ந்து நடத்தியது. ஜேசுதாசன்தான் பேப்பரில் பார்த்துவிட்டுச் சொன்னான். சாலோமி ராத்திரி சாப்பிடும்போது தட்டில் ரசத்தை ஓடவிட்டு அவனுக்குத் தன் யோசனையைக் காட்டினாள்: பள்ளிக்கூட முற்றத்தில், தரையிலேயே, சிமெண்டில் ஒரு தாமிரபரணி. மேற்கே மலை, கிழக்கே கடல். மலையில் தண்ணீர் ஊற்றினால் அணை, கால்வாய், குளம் எல்லாம் நிறைந்து, ஆறு கடலில் சேருகிற புன்னைக்காயல் வரை ஓட வேண்டும்.

வைத்தியலிங்கம் கையெழுத்துப் போடத் தயங்கினார். கெட்ட மனிதர் இல்லை, கேலிக்குப் பயப்படுகிறவர். "தையல் டீச்சர் ஜியாகிரபிக்குக் கிராண்டு கேட்டா என்ன நெனப்பாங்க?" என்றார். "குடுக்கலன்னா குடுக்கல சார்" என்றாள். போட்டுக்கொடுத்தார்.

நேர்காணலுக்கு அழைத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நடுவில் இருந்தவர் எலியேசர், கல்லூரியில் முப்பது வருஷம் புவியியல் நடத்தியவர். கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார்.

"நல்ல மேப்பு ஒண்ணு வாங்கி மாட்டுனா ஆகாதாம்மா? எதுக்கு இம்புட்டுப் பாடு?"

"மேப்புல தண்ணி ஓடாது சார்."

அவர் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்த சாலோமி, கிடைக்காது என்றே நினைத்தாள். பத்து நாளில் பணம் வந்தது. பள்ளிக்கூடம் முழுக்க அதே பேச்சு. வைத்தியலிங்கமே காலைக் கூட்டத்தில் அறிவித்தார், கொஞ்சம் பெருமையாகக்கூட.

சித்தி ஜனாபாவின் வாப்பா முகம்மது இப்ராஹிம் கொத்தனார். அவரையே வேலைக்குப் பேசினாள். பிள்ளைகள் ஆற்று மணல் அள்ளினார்கள், செங்கல் ஜல்லியால் மலை அடுக்கினார்கள். மேற்குச் சுவரை ஒட்டி மலை, கேட்டுப் பக்கம் கடல். வேலைக்கு முதல் நாளே வகுப்பை முற்றத்தில் நிறுத்தி, எதிரே தெரிந்த நிஜ மலையைப் பார்த்து நிற்கச் சொன்னாள். "இதுதான் மேற்கு. நீங்க எப்படித் திரும்புனாலும் இது திரும்பாது." அதற்குப் பிறகு இடது கை நீட்டும் பழக்கம் போய்விட்டது.

நவம்பரில் வேலை முடிந்தது. திறப்பு நாளுக்குப் பள்ளிக்கூடமே முற்றத்தில் கூடியது. தெருக்காரர்களும் சுவரோரம் நின்றார்கள். வைத்தியலிங்கம் புது வேட்டியில் மலைக்கு அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சாலோமி குடத்தைச் சாய்த்தாள். தண்ணீர் பாபநாசத்தைத் தாண்டியது. அம்பாசமுத்திரம் வரை போனது. சேரன்மகாதேவியில் நின்றது. பிறகு, ஏதோ மறந்துவிட்டு வந்ததுபோல, வந்த வழியே திரும்பியது. இன்னொரு குடம் ஊற்றினாள். தாமிரபரணி மலைமேல் ஏற முடியாமல் கரையை மீறி, தலைமை ஆசிரியரின் செருப்பையும் வேட்டி நுனியையும் நனைத்துக்கொண்டு மேற்கே ஓடியது.

கூட்டம் சிரித்த சிரிப்பு கால்வாய்க்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். "தைக்கதுக்கு ஊசியக் குடுத்தா ஆத்தக் குத்துதாக!" என்று யாரோ சொன்னார்கள். சாலோமிக்குக் காது சூடேறியது. காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

விஷயம் சின்னதுதான். பள்ளிக்கூடத்துக்கு மேற்கே கால்வாய். முற்றம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத சரிவில் கால்வாயைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. இப்ராஹிம் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். "என் தப்புதான் டீச்சரம்மா. மட்டம் பாத்திருக்கணும்."

"பாக்கச் சொல்லி நான் கேக்கலியே" என்றாள் அவள்.

வைத்தியலிங்கம் வேட்டியைப் பிழிந்தபடி ஒரு வழி சொன்னார். "மலையக் கெழக்க வச்சிருவோம் டீச்சர். கடல இந்தப் பக்கம் எழுதிருவோம். தண்ணி தன்னால ஓடிரும். பிள்ளைகளுக்கு என்ன தெரியப்போகுது?"

"ஜன்னல்ல நெச மலை தெரியுதே சார். பிள்ளைக ரெண்டையும் பாக்குமே."

சாலோமி அன்று வீட்டில் அழுதாள். மறுநாள் காலை எலியேசர் வீட்டுக்குப் போய், நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். ஆறு பின்னால் ஓடியதையும், வேட்டி நனைந்ததையும், பணம் தீர்ந்ததையும். பணத்தைத் திருப்பிக் கேட்பார் என்று நினைத்துத்தான் போனாள். அவர் நாற்காலியின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"பின்னால ஓடுச்சா! வீணாப் போகலம்மா, பெரிய பாடம்லா அது. ஏன் ஓடுச்சுன்னு பிள்ளைககிட்டயே கேளுங்க. பொங்கல் கழிஞ்சு நாங்க வாறோம்."

கேட்டாள். வகுப்பில் வெகுநேரம் சண்டை நடந்தது. கடலைத் தோண்டலாம் என்றது ஒரு கட்சி. சித்தி ஜனாபா, அதுவரை வாய் திறந்து பாடம் ஒப்பிக்காத பெண், பெஞ்சில் ஏறி நின்றுவிட்டாள். "கடலத் தோண்டுனா மழைக்குத் தண்ணி கட்டி நாறும்லா டீச்சர். மலைய ஒசத்தணும். எம்புட்டு ஒசத்தணும்னு எங்க வாப்பாட்ட டியூப் இருக்கு, அதுல பாக்கலாம்."

இப்ராஹிம் மட்டம் பார்க்கிற ரப்பர் டியூபில் தண்ணீரை நிரப்பிக்கொடுத்தார். ஒரு முனையை மலையில் ஒரு பிள்ளை பிடிக்க, மறுமுனையைக் கடலில் இன்னொரு பிள்ளை பிடித்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும்; அதிலிருந்து தரை எவ்வளவு தாழ்வு என்று ஸ்கேலால் அளந்தார்கள். சிற்றாறு சேருகிற இடம், பழவூர் அணை, பாளையங்கால்வாய் பிரிகிற இடம் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டார்கள். கணக்கு வாத்தியார் வராந்தாவில் நின்று பார்த்துவிட்டு, "என் கிளாசுல கழித்தல் வராத பயலுவ இங்கன சரியாப் போடுதானுவளே" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். சிரித்த தெருக்காரர்களில் இரண்டு பேர் வண்டியில் குளத்து மண் கொண்டுவந்து தட்டினார்கள். இப்ராஹிம் கூலி வாங்க மறுத்துவிட்டார். பழைய சிமெண்டை உடைத்து, முற்றத்தையே கிழக்குப் பார்த்துச் சாய்த்து, மறுபடி ஆறு கட்டினார்கள்.

ஜனவரிக் கடைசியில் எலியேசரும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். இந்தத் தடவை நாற்காலியை எங்கே போடுவது என்று வைத்தியலிங்கம் சித்தி ஜனாபாவிடம் கேட்டுப் போட்டுக்கொண்டார். சாலோமி குடத்தைத் தொடவில்லை. பிள்ளைகள் ஊற்றினார்கள்.

தண்ணீர் பாபநாசத்தில் இறங்கியது. கன்னடியன் அணையில் கொஞ்சம் நின்று, கால்வாய்க்குள் பிரிந்து, மீதி நேரே போனது. சேரன்மகாதேவியைத் தாண்டியதும் வராந்தாவில் ஒரு சத்தம் எழுந்தது. பழவூரில் பிரிந்து, கை விரல் அகலப் பாளையங்கால்வாயில் மேலப்பாளையம் வந்தபோது, "நம்ம ஊரு! நம்ம ஊருக்கு வந்துட்டு!" என்று சின்ன வகுப்புப் பிள்ளைகள் குதித்தார்கள். ஸ்ரீவைகுண்டம் கடந்து, கேட்டுப் பக்கத்துக் கடலில் தண்ணீர் பைய விழுந்தது.

எலியேசர் குனிந்து உட்கார்ந்து ஒவ்வொரு மதகாகப் பார்த்தார். பிறகு கேட்டார்: "தொண்ணூத்திரண்டுல ஊரு பூரா வெள்ளக்காடாச்சே, அது எப்படி வந்துச்சு? யாராவது சொல்லுங்க பாப்போம்."

அந்த வெள்ளத்தில் சித்தி ஜனாபாவின் குடும்பம் ஆற்றோரத்தில் வாடகைக்கு இருந்தது. அவர்கள் விடியும் முன்னே பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள். அவள் முன்னால் வந்தாள். இரண்டு கையாலும் சைகை காட்டினாள். பாபநாசத்தில் ஒருத்தன், மணிமுத்தாறில் ஒருத்தி, கடனாநதியில் ஒருத்தன் என்று மூன்று குடங்கள் ஒரே சமயத்தில் சாய்ந்தன. தண்ணீர் நெல்லையில் வந்து முட்டிக் கரையைத் தாண்டியது. அவள் அங்கே ஒரு தீப்பெட்டியை வைத்திருந்தாள். அது மிதந்தது.

"இது எங்க வீடு சார்" என்றாள். "அன்னைக்கு ராத்திரி தண்ணி எங்க இருந்து வந்துச்சுன்னு எங்க உம்மா இன்னும் கேட்டுக்கிட்டே இருக்காவ. மூணு பக்கமும் ஒண்ணா வந்திருக்கு. நான் போயி சொல்லுவேன்."

சுவரோரம் நின்ற பெண் ஒருத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு எலியேசர் எழுந்து நின்று கை தட்டினார். தட்டல் தெரு வரைக்கும் போனது. இப்ராஹிம் மட்டும் தட்டாமல் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்களுக்கு இன்னொரு கிராண்டு தாறதுன்னு இங்கனயே முடிவு பண்ணிட்டோம்" என்று எலியேசர் சாலோமியிடம் சொன்னார். "என்ன செய்யப்போறீங்கன்னு கேக்கல. எதையாவது செய்யுங்க."

முழுப் பரீட்சையில் ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளைகூடப் புவியியலில் தவறவில்லை. ஆள் வருகிற வரைக்கும் என்று கொடுத்த வகுப்பை வைத்தியலிங்கம் திருப்பி வாங்கவே இல்லை. சாலோமி அஞ்சல் வழியில் பி.ஏ. புவியியல் சேர்ந்தாள். சமையல்கட்டில் இட்லி வேகும் நேரத்தில் படித்தாள். ஜேசுதாசன் கேள்வி கேட்டுப் பார்த்தான். பிறகு பி.எட். முடித்து, தொண்ணூற்று எட்டில் அதே பள்ளிக்கூடத்தில் புவியியல் ஆசிரியையாக நியமனம் ஆனாள்.

அடுத்த வருஷக் கோடையில் அறக்கட்டளை நடத்திய பயிற்சிக்கு ஜில்லா முழுவதிலுமிருந்து ஆசிரியர்கள் வந்தார்கள். நடத்தியவள் சாலோமி. உரையெல்லாம் எழுதி வைத்திருந்தாள், ஆனால் படிக்கவில்லை. மைதானத்தில் மண்ணைக் கொட்டி, அவரவர் ஊர்க் குளத்தைக் கட்டச் சொன்னாள். முதலில் வேட்டியைப் பார்த்துத் தயங்கினவர்கள், கொஞ்ச நேரத்தில் முட்டி வரை சேறு பூசிக்கொண்டு, "எங்க மடை இங்கன இல்ல வே, தெக்க!" "உமக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?" என்று ஊருக்கு ஊர் மல்லுக்கு நின்றார்கள். மாலையில் வாட்ச்மேன் வந்து கேட்டைப் பூட்ட வேண்டும் என்றான். "இருங்கண்ணாச்சி, இன்னும் தண்ணி விடலை" என்று சொல்லிவிட்டு, சாலோமி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குடத்தோடு குழாயடிக்குப் போனாள்.