சொதி வைத்த ஞாயிற்றுக்கிழமை

மூலையில் மஞ்சள் தடவிய அந்த அழைப்பிதழில் என் பெயர்தான் பெரிதாக அச்சாகியிருந்தது. எனக்குப் பதிமூன்று வயதில் நடந்த பூப்புச் சடங்குக்கு அடித்தது. தாய்மாமனை மட்டும் அப்பாவும் அம்மாவும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் போய் அழைக்க வேண்டும். அது எங்கள் பக்கத்து முறை. ஆபீசில் லீவு கிடைக்காத அப்பா, “நமக்குள்ள என்ன முறை” என்று கல்லிடைக்குறிச்சி மாமாவுக்கும் தபாலில் போட்டுவிட்டார். மாமா வரவில்லை. ஒன்றுவிட்ட மாமா ஒருவர் மாலை போட, நான் அழுதுகொண்டே மணையில் உட்கார்ந்திருந்தேன். மாமாவுக்கு அழைக்காத கோபம், அப்பாவுக்கு வராத கோபம். அதற்குப்பின் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

அதுவரை கோடை விடுமுறை என்றால் எனக்குக் கல்லிடைக்குறிச்சிதான். முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே எங்கள் வண்ணார்பேட்டையில் பஸ் ஏறிவிடுவோம். மாமாவுக்குத் தெருவே திரும்பிப் பார்க்கும் குரல். ஆற்றுக்குக் கூட்டிப்போகும்போது எதிரில் வருகிறவர்களிடமெல்லாம், “எங்க வீட்டுக்கு வரப்போற பிள்ளல்லா” என்று என் தலையைத் தட்டிச் சொல்லுவார். அத்தான், அதாவது மாமாவின் மகன், வெட்கப்பட்டு முன்னால் ஓடிவிடுவான். பெரியவர்களே எங்கள் மனதில் ஆசையை விதைத்துவிட்டு, பிறகு அவர்களே கதவையும் சாத்தினார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அத்தானுக்குப் பாளையங்கோட்டையில் வேலை கிடைத்த பிறகு வண்ணார்பேட்டை பஸ் ஸ்டாப்பில் பார்த்துக்கொள்வோம். கூட்டத்துக்கு நடுவே இரண்டு நிமிடப் பேச்சு, அவ்வளவுதான். தொண்ணூறுகளின் நடுவில், நான் கல்லூரியில் முதல் வருடம் முடித்த மே மாதத்தில், ஒருநாள் அவன் முகம் செத்துப்போய் நின்றான். “தென்காசில பொண்ணு பாத்திருக்காவ. ஆனியில நிச்சயமாம். அப்பாட்ட வாயத் திறக்க முடியல பிள்ள” என்றான்.

மறுநாள் டைப்பிங் கிளாசுக்கு என்று சொல்லிவிட்டுக் கல்லிடைக்குறிச்சிக்குப் பஸ் ஏறினேன். வழி நெடுக என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். மாமா வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் செம்பு கையிலேயே நின்றுவிட்டது. ஒத்திகை பார்த்த ஒரு வார்த்தையும் வரவில்லை. “அன்னைக்கு விட்டுப்போன முறைக்கு ஞாயித்துக்கிழமை அப்பாவும் அம்மாவும் உங்களை அழைக்க வாராங்க மாமா” என்று ஒரு பொய்தான் வந்தது. “தட்டோட வாராவளா?” என்றார் மாமா. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். உள்ளே திரும்பி, “ஏளா, ஞாயித்துக்கிழமைக்கு நல்ல அரிசியா எடுத்து வையி” என்று அத்தைக்குக் குரல் கொடுத்தார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும் நான் அடுத்த பஸ்ஸுக்கு ஓடினேன்.

வீட்டில் அப்பாவைக் கிளப்பிவிடலாம் என்பதுதான் என் கணக்கு. கல்லிடைக்குறிச்சிக்குப் போய் வந்ததையும், ஞாயிற்றுக்கிழமை மாமா எதிர்பார்ப்பதையும் சொன்னதும் அப்பா, “அவன் கூப்பிட்டா நான் போகணுமோ? வேணும்னா அவன் வரட்டும்” என்றார். பயத்தில், “ஞாயித்துக்கிழமை மாமாதான் வாரேன்னாங்க” என்று அடுத்த பொய்யும் விழுந்தது. காத்திருந்து பார்த்துக் கோபத்திலாவது யாராவது ஒருவர் பஸ் ஏறிவிடுவார், முகத்தோடு முகம் பார்த்தால் போதும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த வயதுக்கு அவ்வளவுதான் புத்தி.

ஞாயிற்றுக்கிழமை அம்மா விடியுமுன்னே தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டாள். சம்பந்தி விருந்துக்கு வைக்கிற மாதிரி தேங்காய்ப்பால் சொதி, இஞ்சிப் பச்சடி, அப்பளம். ஆறு வருடம் கழித்து அண்ணனைப் பார்க்கப்போகிறாள்; கல்யாணப் புடவையைக்கூட எடுத்துக் கட்டியிருந்தாள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் பேப்பர் பார்த்தார். ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் பேப்பர் தாழ்ந்தது. எங்கேயாவது ஓடிப்போய்விடலாமா என்றிருந்தது எனக்கு. மூன்று மணிக்கு அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “உங்க அண்ணன் என்னை ரெண்டாம் தடவையும் அவமானப்படுத்திட்டான்” என்றார். அம்மா சாப்பிடவில்லை. மாமா வீட்டிலும் இலை அறுத்து வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை காத்திருந்தார்களாம். “இனி அந்த வீட்டுப் பேச்சே கூடாதுன்னுட்டாவ. நீ என்னதான் சொன்ன பிள்ள?” என்று பஸ் ஸ்டாப்பில் அத்தான் கேட்டபோது நான் வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். ஆனியில் அவனுக்கு நிச்சயமானது. இரண்டு வருடம் கழித்து எனக்கும் ஆனது. குறை சொல்ல முடியாத மனிதர். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவரிடம்கூடச் சொன்னதில்லை.

போன வருடம் அப்பா தவறிப்போனார். துட்டி வீட்டுக்கு யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியதில்லை. சொல்லி அனுப்பியதும் மாமா முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். எண்பது தாண்டிவிட்டது, அந்தக் குரல் போய்விட்டது. எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு அவர் காலடியில் போய் உட்கார்ந்தேன். “மாமா, அன்னைக்கு அப்பா வாரேன்னு சொல்லவே இல்ல. நான்தான் பொய் சொன்னேன்” என்றேன். முப்பது வருடம் சொல்லாமல் வைத்திருந்த வார்த்தை.

“தெரியும்ட்டி. என் முகத்தப் பாக்காமத் தலைய ஆட்டுனியே, அன்னைக்கே தெரியும். இருந்தாலும் வந்துர மாட்டாவளான்னு ஒரு ஆச” என்றார் மாமா. கொஞ்சம் மூச்சு வாங்கினார். “நானே போயிருவோம்னு அந்த ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணி பஸ்ஸுக்கு எங்க ஊரு ஸ்டாப்பு வரைக்கும் வந்தேன். பஸ்ஸும் வந்து நின்னுச்சு. ஏற மனசு வரல.”

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட அழாமல் இருந்தவள்.

“ஸ்டாப்பு வரைக்கும் வந்தியளா அண்ணே?” என்று கேட்டாள். மாமா தலையை ஆட்டினார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.