பதினெட்டரை அங்குலக் கோட்டு

1. என் அப்பாவின் கறுப்பு டின்னர் கோட்டின் தோள் அகலம், ஒரு தையல் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, பதினெட்டரை அங்குலம்.

2. என் தோள் பதினாலே முக்கால்.

3. ஒரு சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு அந்தக் கோட்டை நான் போட்டேன். அதில் ஒரு தையலும் பிரிக்கப்படவில்லை, ஓர் ஊசியும் குத்தப்படவில்லை.

4. எனக்கென்றே தைத்தது போல இருந்தது.

5. பத்து மணிக்குக் கழற்றி அளந்தேன். பதினெட்டரை.

வரிசையாகச் சொன்னால் இவ்வளவுதான். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம், ஆனால் நான் இந்த மாதிரி விஷயங்களை நம்புகிறவள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய் பிசாசு, குறி கேட்பது, மந்திரித்துக் கயிறு கட்டுவது எதிலும் எனக்குப் பிடிப்பு இருந்ததில்லை. நான் இயந்திரப் பொறியியல் படித்தவள், என் வேலையே அளப்பதுதான். கோவை கணபதி பகுதியில் எங்களுக்கு ஒரு சிறிய பவுண்டரி, இரும்பு உருக்கி வார்க்கும் பட்டறை, இருக்கிறது. அங்கே வார்த்து வரும் பம்பு உடல்களை அளந்து, சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு பெயின்ட் வைக்கிறவள் நான். ஓர் எண் மனதுக்கு ஒப்பவில்லை என்றால் முதலில் கருவியைச் சந்தேகப்பட வேண்டும், அடுத்து அளந்த கையை, அதற்கும் பிறகுதான் பொருளை. இந்தக் கோட்டு விஷயத்திலும் நான் அந்த ஒழுங்கில்தான் போனேன்.

கோட்டு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். எங்களிடம் பம்பு உடல்கள் வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தார் வருடத்துக்கு ஒரு முறை கோவைக்கு வந்து ஒரு வாரம் தங்கி எல்லாவற்றையும் சோதித்துவிட்டுப் போவார்கள். கடைசி நாள் மாலை அவினாசி ரோட்டில் ஓர் ஓட்டலில் நாங்கள் விருந்து வைப்போம். முதல் வருடம் அவர்கள் எல்லாரும் பட்டுக் காலர் வைத்த கறுப்புக் கோட்டும் பட்டாம்பூச்சி போன்ற போ டையுமாக வந்து இறங்க, பரிமாறுகிறவர்கள்கூட கழுத்தில் போ டை கட்டியிருக்க, என் அப்பா மட்டும் அரைக்கைச் சட்டையோடு நின்றாராம். மறு வருடத்துக்குள் இந்தக் கோட்டைத் தைத்துக்கொண்டார். பிறகு வருடா வருடம் அந்த விருந்துக்கு மட்டும் அதைப் போடுவார், மேசையின் தலைமாட்டில் உட்காருவார், முதலில் எழுந்து பேசுவார். போ டை மட்டும் கொக்கி மாட்டுகிற ரெடிமேட், அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்பார்.

நான் கோட்டைப் போட்ட அந்த விருந்துக்கு எட்டு மாதத்துக்கு முன்னால் அப்பா இறந்துவிட்டார். நெஞ்சு வலி, ஒரே நாள். கருமாதியன்று அவர் துணிகளை எல்லாம் கொடுத்துவிட்டோம், ஆனால் கோட்டு அப்போது டிரை கிளீனிங் கடையில் இருந்தது, யாருக்கும் நினைவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கடைக்காரர் போன் செய்தார். வாங்கிவந்து கொடுத்தபோது அம்மா, “வந்தது வந்துபோட்டுது, இருக்கட்டும்” என்று பீரோவில் மாட்டிவிட்டார்.

அந்த வருட விருந்துக்கு முன்பே வெளிநாட்டார் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார்கள்: இனி பவுண்டரி பற்றி யாரிடம் பேசுவது? விருந்தில் பதில் சொல்ல வேண்டும். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, விற்பனையைப் பார்க்கிறவர், பதிலைத் தயாராக வைத்திருந்தார். உலையை அணைத்துவிடுவது, வார்ப்பை வடக்கேயிருந்து வாங்கி எங்கள் பெயரைப் பொறித்து அனுப்புவது. அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் இல்லாத உலையைப் பார்த்துப் பார்த்து அவருக்குப் பயம் வந்துவிட்டது. ஆனால் அந்த உலையில் நாற்பத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள், அதை நடத்த எனக்குத் தெரியும், நடத்துவது என்று நான் முடிவு செய்திருந்தேன்.

வியாழக்கிழமை சித்தப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கோட்டைக் கேட்டார்.

“அண்ணி, அண்ணன் கோட்டை நான் போட்டுக்கறனுங்க. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதான. அந்தத் தலைச் சீட்டுல அந்தக் கோட்டைப் பாத்தாத்தான் அவங்களுக்கும் ஒரு திருப்தி.”

“நான் போட்டுக்கறனுங்க சித்தப்பா” என்றேன் நான். யோசித்துச் சொன்னதில்லை, ஆனால் சொன்ன பிறகு அதுதான் சரியென்று பட்டது.

அவர் சிரித்தார். “நீயா? கண்ணு, அது உனக்கு மழைக்கோட்டு மாதிரி இருக்கும்.”

“இருந்தா இருக்கட்டுங்க.”

நான் கோட்டை எடுத்துக்கொண்டு போய் என் அறைக் கதவின் பின்னால் மாட்டினேன்.

வெள்ளிக்கிழமை அதை டவுன்ஹால் பக்கம் ஸ்டெல்லா அக்காவின் கடைக்குக் கொண்டுபோனேன். கோட்டு சூட்டுகளைச் சின்னது பெரியது செய்வதில் அவர் கெட்டிக்காரர். மாட்டிவிட்டு என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கோட்டின் கைகள் என் விரல் நுனியை மூடிக்கொண்டிருந்தன, தோள்பட்டை இரண்டு பக்கமும் தொங்கியது.

“அம்மணி, இதுக்குள்ள நீயும் உங்கம்மாவும் சேந்தே போலாம்.”

“நாளைக்குச் சாயங்காலம் வேணுங்க்கா.”

“தோள்ல அரை இஞ்ச் எடுக்கலாம், மிஞ்சிப்போனா முக்கா. மிச்சத்தை எங்க கொண்டுபோய் ஒளிக்கறது? அறுத்தா பாக்கெட்டு முதுகுக்கு வந்துரும். பேசாம ஒரு நல்ல பட்டு கட்டிட்டுப் போ.”

“சேலை கட்டிட்டுப் போனா சித்தப்பாவுக்குப் பக்கத்துச் சீட்டுல உக்கார வெச்சுருவாங்க. தலைச் சீட்டுல இந்தக் கோட்டுதான் உக்காரும்.”

“அப்ப ஹேங்கரோட அனுப்பி வெச்சுரு” என்றார் ஸ்டெல்லா அக்கா. ஆனாலும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை அளந்து கொடுத்தார். பதினெட்டரை, பதினாலே முக்கால். அவருடைய டேப் பழசு, இழுபட்டிருக்கும் என்று வீட்டுக்கு வந்து என் ஸ்டீல் அளவுகோலில் வைத்தும் பார்த்தேன். அதே எண்கள்தான்.

சரி, தொளதொளவென்றே போடுவது என்று தீர்மானித்தேன். சிரிக்கிறவர்கள் முதல் ஐந்து நிமிடம் சிரிப்பார்கள், அதற்குள் நான் பேச ஆரம்பித்துவிடலாம். பேச வேண்டியதை ஓர் அட்டையில் ஆறு வரியாக எழுதிக்கொண்டேன். சனிக்கிழமை காலையிலிருந்து ஐந்து மணி வரை பவுண்டரியில்தான் இருந்தேன், கடைசி வார்ப்புகளின் அளவுகளைத் தொகுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து குளித்து, கறுப்புப் பேன்ட், வெள்ளைச் சட்டை, அப்பாவின் கொக்கி போ டை எல்லாம் போட்டு முடித்து, கடைசியாகக் கோட்டை எடுத்துக் கையை நுழைத்தேன்.

நுழைத்தபோதே தெரிந்துவிட்டது. கோட்டின் கை என் மணிக்கட்டில் நின்றது. சட்டையின் மணிக்கட்டுப் பட்டி அரை அங்குலம் வெளியே தெரிந்தது, எவ்வளவு தெரிய வேண்டுமோ அவ்வளவு. தோள் தோளில் இருந்தது. அம்மா வந்து பின்னால் நின்று துணியைக் கிள்ளிப் பார்த்தார், கிள்ள வரவில்லை.

“யாருகிட்டக் குடுத்துச் சின்னதாப் புடிச்சே?”

“புடிக்கலீங்கம்மா.”

அம்மா என்னைத் திருப்பிப் பொத்தானைப் போட்டுவிட்டார். எனக்கு நேரமாகிவிட்டது, இதை யோசிக்க இப்போது முடியாது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். நீங்களாயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று தெரியாது, நான் அதைத்தான் செய்தேன்.

ஓட்டலில் சித்தப்பா தன் சாம்பல் நிறக் கோட்டில் தலைமாட்டு நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். சண்டை வரும் என்று எதிர்பார்த்து, என்ன சொல்வது என்றுகூட வழியெல்லாம் பழகிக்கொண்டு வந்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோள்களையே பார்த்தார், முதலில் இடது, பிறகு வலது. அப்புறம் நாற்காலியைப் பின்னால் இழுத்து, “உக்காரு கண்ணு” என்றார். தானாகப் போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

சூப் முடிந்ததும் எழுந்து பேசினேன். அட்டையை எடுக்கத் தேவைப்படவில்லை. உலை அணையாது, நான் நடத்துகிறேன், கேள்வி எதுவானாலும் என்னிடம் கேளுங்கள், இந்த வருடத்துச் சிவப்பு அடையாளங்கள் எத்தனை, ஏன், எதைத் திருத்தினோம் என்று ஆறு வரியையும் சொன்னேன். வந்திருந்தவர்களில் மூத்த பெண்மணி திங்கட்கிழமை விமானத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு உலையை இன்னொரு தடவை பார்க்கிறேன் என்றார். போகும்போது என் கோட்டின் தைப்பை மெச்சி, தையல்காரர் யார் என்று கேட்டார். உள்ளூர்தான் என்று சொல்லிவைத்தேன்.

ஒன்றை மேலே வரிசையில் எழுதவில்லை, எழுதினால் மற்ற ஐந்தையும் நம்ப மாட்டீர்கள் என்பதால். பேச எழுந்தவுடன் பதற்றத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றேன். அப்போது கோட்டின் மார்புப் பக்கம் மெதுவாக விரிந்து, மெதுவாக அடங்கியது. ஏசி காற்று என்று அப்போது நினைத்தேன். ஏசி என் முதுகுப் பக்கம் இருந்தது.

வீட்டுக்கு வந்து கழற்றி, கட்டிலில் பரப்பி அளந்தேன். பதினெட்டரை. திரும்பப் போட்டுப் பார்த்தேன், வெள்ளிக்கிழமை போலவே தொங்கியது, விரல் நுனி வரை மூடியது. மறு நாள் ஸ்டெல்லா அக்கா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு நூலும் புதிதில்லை என்றார். கம்பளி ஈரத்தில் சுருங்கியிருக்கலாம் என்று யோசித்தேன், சுருங்கின கம்பளி மூன்றே முக்கால் அங்குலம் திரும்ப விரியாது. என் கண் ஏமாந்திருக்கலாம் என்று யோசித்தேன், மூன்று பேர் போனில் எடுத்த படங்களிலும் தோள் தோளில்தான் இருக்கிறது. கருவி சரி, கை சரி. அங்கேயே நின்றுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து சித்தப்பா டீயோடு என் சோதனை அறைக்கு வந்து உட்கார்ந்தார்.

“கண்ணு, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. விருந்தன்னைக்கு மத்தியானம் நான் உங்க ஊட்டுக்கு வந்தேன். அண்ணி கோயிலுக்குப் போயிருந்தாங்க. சாவி எங்கிட்ட ஒண்ணு இருக்குதில்ல.”

“எதுக்குங்க வந்தீங்க?”

“கோட்டை எடுத்துட்டுப் போகத்தான். பொய் சொல்லி என்ன ஆகப்போகுது. எடுக்கறதுக்கு முந்தி போட்டுப் பாத்தேன். கை போகல.”

“அது அப்பா அளவுங்க. உங்களுக்குப் போகாம எப்படி?”

“அதைத்தான் நானும் சொல்றேன். சின்னதா இருந்தா துணி இழுக்கும், தையல் பிரியற சத்தம் கேக்கும். அப்படியெல்லாம் இல்ல. கை முழங்கை வரைக்கும் போச்சு, அதுக்கு மேல இடம் இல்ல கண்ணு. பஸ்ல ஆள் உக்காந்திருக்கறதைப் பாக்காம அந்த சீட்டுல போய் உக்காருவமே, அந்த மாதிரி. சாரிங்கன்னு சொல்லிட்டுக் கையை எடுத்துட்டேன்.”

“யாருகிட்ட சொன்னீங்க?”

சித்தப்பா டம்ளரைக் கீழே வைத்தார். “எனக்கென்ன தெரியும். வாயில வந்துருச்சு.”

அவர் போன பிறகு அந்த எண்களை மறுபடி எடுத்துவைத்தேன். கோட்டு சுருங்கியது என்றுதான் நான் அதுவரை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அது சுருங்கவே இல்லை என்றால், எந்த நேரத்தில் அளந்திருந்தாலும் அது பதினெட்டரைதான் என்றால், அன்று மாலை அதற்குள் நான் எடுத்துக்கொண்ட இடம் பதினாலே முக்கால் மட்டும்தான், மிச்சம் மூன்றே முக்கால் காலியாக இருக்கவில்லை. இதை எழுதும்போதும் தோள்பட்டையின் இரண்டு ஓரமும் குறுகுறுக்கிறது.

இன்றைய நிலை இது. உலை எரிகிறது, நாற்பத்திரண்டு பேரும் இருக்கிறார்கள். சித்தப்பா விற்பனையைப் பார்க்கிறார், பவுண்டரி பற்றிய கேள்விகளை என்னிடம் அனுப்பிவிடுகிறார். அடுத்த விருந்துக்கு என் அளவில் எனக்கென்று ஒரு டின்னர் கோட்டை ஸ்டெல்லா அக்காவிடம் தைத்துக்கொண்டேன், இனி அதைத்தான் போடுவேன். அப்பாவின் கோட்டை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. அது அம்மாவின் பீரோவில் தொங்குகிறது, அதன் இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் விட்டுத்தான் அம்மா மற்ற துணிகளை மாட்டுகிறார். சித்தப்பா சொன்னதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.