தொண்டையில் நின்ற சோறு

நான், என் மனைவி, அவளுடைய அண்ணன், எங்கள் நாலு வயது மகள். பல்லாவரத்தில் தொக்கம் எடுக்கிற அம்மா வீட்டுக்கு அன்றைக்குப் போனது நாங்கள்தான்.

மகளுக்குச் சோறு இறங்காது. ஒரு வாய்க்கு ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டும். அரை இட்லிக்கு ஒரு மணி நேரம். பிறகு வாந்தி. உடம்பு தேறவே இல்லை.

"தொண்டையில இன்னாவோ மாட்டிகினு கீது மாப்ள. எடுத்துட்டா சரியாயிடும்" என்று மச்சான்தான் கூட்டிப்போனார்.

அந்த அம்மா குழந்தையின் வயிற்றைத் தடவினார். தொண்டைக்குழியில் ஒரு குழாயை வைத்து உறிஞ்சி, உள்ளங்கையில் துப்பிக் காட்டினார். முறுக்குத் துண்டு மாதிரி இருந்தது.

"நம்ம வூட்ல முறுக்கு வாங்கியே எத்தினி மாசமாச்சு" என்றாள் மனைவி.

"கம்முனு இரு" என்றார் மச்சான்.

"உள்ள புண்ணா கீது. கொஞ்ச நாளைக்குப் பாலும் பன்னும் குடு" என்றார் அந்த அம்மா.

கொடுத்தோம். பால் இறங்கியது. இறங்குகிறதே என்று மூன்று வேளையும் கொடுத்தோம். ஒருநாள் இட்லித் துண்டு மாட்டிக்கொண்டது. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயோரம் வழிந்தது. தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

மயக்க மருந்து கொடுத்து உள்ளே குழாய் விட்டார்கள். நான் உட்கார்ந்தேன், எழுந்தேன். கீழே போய் டீ வாங்கினேன். குடிக்காமல் வைத்துவிட்டு மேலே வந்தேன். கதவு மூடியே இருந்தது. மறுபடி கீழே போனேன்.

"ஒக்காரு மாப்ள, பேஜார் பண்ணாத" என்றார் மச்சான். அவர் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

துண்டை எடுத்துவிட்டார்கள். உள்ளிருந்து துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வந்ததும் டாக்டர் கூப்பிட்டார்.

"அலர்ஜிம்மா. உணவுக்குழாய் உள்ள வீங்கியிருக்கு. முதல்ல பால நிறுத்திப் பாப்போம். தயிர், நெய், பால் பிஸ்கட் எதுவும் வேணாம். சில வாரம் கழிச்சு மறுபடி உள்ள பாக்கணும்."

"பால் மட்டும்தான் சார் எறங்குச்சு" என்றாள் மனைவி.

"எறங்கும்மா. அதுதான் வீங்க வைக்குதான்னு பாக்கணும்."

அன்றைக்கே பாலையும் பன்னையும் நிறுத்தினோம்.

மறுபடி குழாய் விடுவதற்கு முந்தின நாள் காலை, மனைவி இட்லி வைத்தாள். நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். நின்று மகளின் தொண்டையைப் பார்த்தேன்.

"இன்னாப்பா பாக்குற? தள்ளு, டிவி மறைக்குது."

டம்ளரில் தண்ணீர் ஊற்றியது ஊற்றியபடி இருந்தது. தட்டை எடுத்துப்போன மனைவியிடம் எத்தனை என்று கேட்டேன்.

இரண்டரை.