வசந்தா மேடம் ஆங்கிலத்தில் சொன்னது

வகுப்பில் இருந்தபோது முத்தையா அண்ணனின் போன் வந்தது. "சார், மேடம் போயிட்டாங்க" என்றார். சொந்த மனைவியை அவரும் மேடம் என்றுதான் சொல்வார்.

வளைகுடா மருத்துவமனைகளுக்குப் போகும் நர்ஸுகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் எங்கள் புதுக்கோட்டை சென்டரில் எனக்கு இலக்கணம், வசந்தா மேடத்துக்குப் பேச்சு. அவரிடம் படித்த உங்களுக்காக, நம் குழுவில் மட்டும் இதை எழுதுகிறேன்.

அன்கம்ஃபர்டபிளி, ஆக்வர்ட்லி, அன்ஈஸிலி மூன்றையும் போட்டுக் குழப்புவீர்கள். நான் 'சங்கடமாக' என்று எழுதிப்போட்டு நகர்ந்துவிடுவேன். அவர் விடமாட்டார். "பொன்னமராவதி பஸ்ல மூணு பேர் சீட்டுல நாலாவதா ஒக்காந்து போனா அன்கம்ஃபர்டபிளி. சம்பந்தி வீட்டுக்குள்ள நொழையுறோம், நம்மளப் பத்திப் பேசிக்கிட்டிருந்தவங்க டக்குனு நிறுத்துறாங்க. அப்ப நிக்கிறோம்ல, அது ஆக்வர்ட்லி. மணமேல்குடியில மீன் புடிக்கப் போன போட்டு திரும்பல, பொம்பளைங்க கரையில ஒக்காந்திருப்பாங்க பாரு, அது அன்ஈஸிலி. நோயாளி எதச் சொல்றாருன்னு தெரியாம டாக்டர்கிட்ட என்னத்தப் போயிச் சொல்லுவ?"

அப்படிப்பட்டவர், தான் நோயில் விழுந்தபோது யார் கேட்டாலும் "பரவால்லைங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆஸ்பத்திரியில் அண்ணன் மேடத்தின் கட்டிலை விட்டு நகரவே மாட்டார். அவர் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, ஏன் இப்படி மறைக்கிறீர்கள் என்று கேட்டே விட்டேன்.

"இவரு கேட்டா ஒடஞ்சு போயிருவாரு சார்" என்றார் மேடம்.

கடைசியாக நான் போயிருந்த அன்று டாக்டர் வந்து, "அன்கம்ஃபர்டபிளா இருக்காம்மா?" என்று கேட்டார். மேடம் அண்ணனை ஒருமுறை பார்த்தார். பிறகு சிரித்த முகத்தோடு, வகுப்பில் பேசும் அதே குரலில், ஆங்கிலத்தில் சொன்னார். அது இல்லை டாக்டர், வலியைத் தாங்கிக்கொள்கிறேன். அன்ஈஸிலி படுத்திருக்கிறேன். கண்ணை மூடவே பயமாயிருக்கிறது. இவருக்குத் தெரிய வேண்டாம்.

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. முகமெல்லாம் பெருமை. "பாத்தீங்களா சார், இந்த நெலமையிலயும் என்ன இங்கிலீஷு!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் குனிந்துகொண்டார். நான் சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

காரியம் முடிந்த அன்று, வல்லத்திராக்கோட்டை வீட்டில், அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அன்னைக்கு டாக்டர்கிட்ட என்ன சார் சொன்னாங்க? சிரிச்சுக்கிட்டே பேசுனாங்களே."

"ஒங்களப் பத்தித்தாண்ணே. நல்லாப் பாத்துக்கிறாருன்னு சொன்னாங்க."

துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

மேடத்திடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த நாலு வாக்கியங்கள்தான். தனியாக வைத்துக்கொள்ள முடியாமல் உங்களிடம் சொல்லிவிட்டேன். லீவில் வரும்போது அண்ணனைப் போய்ப் பாருங்கள். மேடம் அன்று என்ன சொன்னார் என்று ஆங்கிலம் தெரிந்த எல்லோரிடமும் கேட்கிறார், உங்களிடமும் கேட்பார். நான் சொன்னதையே நீங்களும் சொல்லுங்கள்.